மூக்கு பைண்டரும் ஒரு முகூர்த்தப் புடவையும்

ஆரணியில் வாயை வைத்துப் பிழைத்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். நான் கிளார்க்காக இருந்த பட்டு கூட்டுறவு சங்கத்திலேயே ஆறு பேர். ஆனால் மூக்கை வைத்துப் பிழைத்தவர் அந்த ஊரில் ஒரே ஒருத்தர்தான். தமிழ்நாட்டிலேயே ஒருத்தர்தான் என்று சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் வராது.

தொழில், புத்தக பைண்டிங். ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் மூக்கு பைண்டர். பெரிய மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன, சப்பை மூக்கு. கண்ணாடி அதில் நிற்க மறுத்து வழுக்கிக்கொண்டே வரும். அவர் தள்ளிக்கொண்டே இருப்பார். பெரிசாக இருந்ததெல்லாம் அந்த மூக்கைப் பற்றிய கதைகள்தான். களம்பூரில் ஒருத்தர் இட்லி தின்றுவிட்டுக் கை கழுவாமல் பக்கத்தைப் புரட்டினால், ஆரணியில் இவர் அதே பக்கத்தைப் பிரித்து, "தக்காளி சட்னி" என்று சொல்லிவிடுவாராம். இது கொஞ்சம் அதிகம்தான் என்றாலும் நான் நம்பினேன். நம்பும்படிதான் அவர் என்னை வரவேற்றார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாத வெயிலில், அவர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனேன். கையில் ஒரு பெட்டித் துணி, ஒரு பெட்டிப் புத்தகம். மாடிப்படியில் கால் வைத்தபோது கீழேயிருந்து ஒரு குரல் தடுத்தது.

"சார், அந்தப் பொஸ்தகப் பொட்டிய மேல எட்த்துகினு போவாதீங்க."

"ஏங்க?"

"அதுங்களுக்கு ஒடம்பு சரியில்ல."

நான் பெட்டியை இறக்கினேன். அவர் மேலே இருந்த புத்தகத்தை எடுத்தார், நடுவில் பிரித்தார், கண்ணை மூடினார், மூக்கருகே கொண்டுபோய் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். பூஜையில் உட்கார்ந்த மாதிரி ஒரு முகம். அப்போது உள்வாசலில் உட்கார்ந்து தாள்களைத் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமல் கேட்டார்: "ஏங்க, கொடியில துணி எட்த்தாச்சா? மழ வர்றா மாதிரி கீது."

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். பாவம் அக்காவுக்கு ஏதோ மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

பைண்டர் கண்ணைத் திறந்தார். "ஈரம். செவுரு ஓரமா வெச்சிருந்தீங்க. ஓதம் ஏறிப்போச்சி. பத்து நாள் அட்மிஷன்."

அசந்துபோனேன். திருச்சியில் என் வீட்டுச் சுவர் ஓதம் காத்தது உண்மை.

அவர் கடையில் ஐந்து தகரப் பெட்டிகள் இருந்தன. அவற்றை அவர் வார்டு என்றுதான் சொல்லுவார். ஈரம், கிருஷ்ணாயில், சுருட்டு, சமையல் என்று நாலு பெட்டிக்கு மேல் சுண்ணாம்பில் எழுதியிருக்கும். ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது, பொது வார்டு. உள்ளே போகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நூலில் ஓர் அட்டை கட்டித் தொங்கும்: யார் வீடு, என்ன நாற்றம், என்றைக்கு வந்தது. வைத்தியம் ஒன்றும் ரகசியம் இல்லை. முதலில் புத்தகத்தை விசிறி மாதிரி விரித்து ஒரு நாள் முழுக்க நிழல் காற்றில் நிற்க வைப்பார். வெயில் கூடாது. "வெயில்ல காட்னா காகிதத்துக்கு மஞ்சக்காமால வந்துடும் சார்." அப்புறம் பக்கங்களுக்கு நடுவில் பழைய பேப்பர். அப்புறம் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் அடுப்புக்கரி, ஒரு கிண்ணம் சமையல் சோடா, நடுவில் மூங்கில் தட்டி மேல் புத்தகம். கரி மேலே படக் கூடாது. மூடி போட்டால் ஒரு வாரம் திறக்கக் கூடாது. சுருட்டு நாற்றத்துக்கு மட்டும் ஸ்பெஷலாக ஒரு கிண்ணம் காப்பித்தூள்.

நாற்றத்தோடு எந்தப் புத்தகத்தையும் பைண்டு பண்ண மாட்டார். "உள்ள வெச்சித் தெச்சிட்டா அது சாவற வரிக்கும் வெளிய வராது சார்" என்பார். ஒருமுறை ஒருத்தர், நாற்றம் தெரியக் கூடாது என்று புத்தகத்துக்கு செண்ட் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். பைண்டருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அழுக்கு வேட்டிய தோய்க்காம இஸ்திரி போட்டுகினு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கே நல்லா கீதா?" அந்த மனிதர் மாட்டிக்கொண்ட திருடனைப் போலப் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடினார்.

வீடுகளுக்கும் கூப்பிடுவார்கள். போவார். எங்கே போனாலும் பை தூக்க அக்காவும் கூடவே போவார். சர்ச் தெரு டீச்சர் வீட்டில் நாலு நாள் கரண்ட் போய், பிரிட்ஜைத் திறந்தால் ஆள் மயங்கி விழும் நிலைமை. எலுமிச்சை, சோடா, கரி என்று வைத்தியம் பார்த்து மூன்றாம் நாள் அதே பிரிட்ஜில் பால்கோவா வைத்துச் சாப்பிட வைத்தார். எங்கள் சங்கத்து மேனேஜர் அறையில் ஒரு மாதமாகச் சகிக்க முடியாத ஒரு வீச்சம். எலி செத்திருக்கிறது என்று பீரோவை எல்லாம் நகர்த்திப் பார்த்தாகிவிட்டது. பைண்டர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு அறையைச் சுற்றினார். அக்கா மேஜையோரமாக நின்று, "ஏங்க, வீட்ல தயிர மூடி வெச்சனா?" என்றார். உடனே பைண்டர் கண்ணைத் திறந்து, மேனேஜர் பக்கம் பவ்யமாகக் குனிந்தார்.

"சார், உங்க டிராயர்ல ஒரு பைல் ரொம்ப நாளா பெண்டிங்ல கீது."

திறந்தால், போன மாதத்துத் தயிர்சாத டப்பா. மேனேஜரின் முகம் போன போக்கை நினைத்து நாங்கள் ஒரு வருஷம் சிரித்தோம். நானோ, இவ்வளவு பெரிய மூக்கோடு வாழ்கிற அக்காவுக்கு இவ்வளவு மறதியா என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். காலை பதினோரு மணிக்கு, "பால்காரன் வந்தானா?" என்பார். மூன்று மணிக்கும் கேட்பார். ஐந்து மணிக்கும் கேட்பார். அந்த வீட்டுக்குப் பால்காரன் காலை ஆறு மணிக்கே வந்து போய்விடுவான்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் அவர்கள் மகள் சாந்திக்குப் பிரசவ நேரம் வந்தது. களம்பூரில் ரைஸ் மில் பக்கத்தில் கொடுத்திருந்தார்கள். டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மகள் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை, அக்காதான் போனார். மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் கடை வாசலில் ஒரு பலகை: ‘மிஷின் ரிப்பேர்’. அந்தக் கடையில் மிஷின் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒரு மர பிரஸ்ஸும் இரண்டு கத்தியும் ஊசிகளும்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு யோசிக்க நேரமில்லை. முதல் நாள் மெஸ்ஸில் சாப்பிடும்போது, சங்கத்து நூலகப் புத்தகம் ஒன்றின் மேல் பாதிக் கிண்ணம் கருவாட்டுக் குழம்பைக் கவிழ்த்திருந்தேன். நல்ல கனமான புத்தகம். முன்னூறு பக்கமும் குழம்பைக் குடித்திருந்தது. தாளில் சுற்றிக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன்.

"கட இல்லீங்க சார்" என்றார்.

"எனக்குக்கூடவாண்ணே?"

மனசு கேட்கவில்லை அவருக்கு. வாங்கினார். பிரித்தார். கண்ணை மூடினார். அந்த நீள மூச்சு. உள்வாசல் பக்கம் ஒரு நொடி காது கொடுத்தார். அங்கே யாரும் இல்லை.

"ஈரம்" என்றார். "செவுரு ஓரமா வெச்சிருந்தீங்களா?"

மெஸ்ஸிலிருந்து என் பின்னாலேயே வந்த பூனை ஒன்று அவர் காலடியில் உட்கார்ந்து, புத்தகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பூனையைப் பார்த்தேன். அவரும் பூனையைப் பார்த்தார். பூனை ஒருமுறை ‘மியாவ்’ என்றது. பைண்டர் புத்தகத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"கருவாடா சார்?"

"ஆமாண்ணே."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜுரம். பதினைந்து நாள் படுக்கை. எழுந்த அன்றைக்கு அக்கா காப்பி கொடுத்தாராம். வெறும் வெந்நீரைக் கொடுக்கிறாயா என்று சண்டை போட்டாராம். அக்கா மல்லிகைப் பூவை மூக்கில் வைத்தார். கற்பூரம் வைத்தார். கடைசியில் கிருஷ்ணாயில் பாட்டிலையே திறந்து வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. வேலூரில் காட்டினார்கள், வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஊரே மூக்கு பைண்டருன்னு கூப்டுது. மூக்கு போச்சின்னு எப்டி சார் சொல்லுவேன்? நான் வெறும் பைண்டர் ஆயிடுவேன். அப்பதான் அவ சொன்னா, நான் குந்தினு தெக்கற எடத்துலேர்ந்தே சொல்றேன், நீங்க பாட்டுக்கு கண்ண மூடிகினு நில்லுங்கன்னு."

மழை வருது என்றால் ஈரம். பால்காரன் வந்தானா என்றால் கிருஷ்ணாயில். இரண்டு வருஷமாக அக்காவுக்கு மறதி என்று நினைத்த என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

"யாருக்கும் தெரியக் கூடாது சார். தெரிஞ்சா கடைய மூடிகினு எங்கனா போயிடுவேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் மூக்கானேன். பலகையை எடுத்தாயிற்று. காலையில் சங்கத்துக்குப் போகும் முன்னும் சாயங்காலம் வந்த பின்னும் அக்கா உட்காரும் இடத்தில் ஒரு பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். எனக்குப் பாலும் துணியும் வராது. ஆபீஸ் பாஷைதான். "நாளைக்கு ஆடிட்டு" என்றால் ஈரம். "மேனேஜர் லீவு" என்றால் கிருஷ்ணாயில். என் மூக்கு சுமார் ரகம். ஒருத்தர் வீட்டுப் பஞ்சாங்கம் ஈரமா, கிருஷ்ணாயிலா என்று தெரியாமல் ஆடிட்டையும் லீவையும் மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் பைண்டர் கண்ணை மூடியபடியே, "சார், மொதல்ல உங்க மேனேஜர் ஆபீசுக்கு வராரா இல்லியான்னு முடிவு பண்ணுங்க" என்றார். வந்தவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

என் கருவாட்டுப் புத்தகத்தைப் பொது வார்டில் போட்டிருந்தோம். சமையல் வார்டில் இடமில்லை.

அந்த நேரத்தில்தான் சங்கத்து வேலையாக நான் இரண்டு நாள் சேத்துப்பட்டு போக வேண்டி வந்தது. போகும்போது படித்துப் படித்துச் சொன்னேன்: "அண்ணே, யார் என்ன கொண்டுவந்தாலும் வாங்கி வையுங்க. நான் வந்து பாத்துக்கறேன். பெட்டியத் தொறக்காதீங்க."

"செரி சார், செரி சார்" என்றார்.

நான் பஸ் ஏறிய அன்றைக்கே சேவூரிலிருந்து ஏழுமலை வந்திருக்கிறார். நல்ல நெசவாளர், எங்கள் சங்கத்து உறுப்பினர். அதிகம் பேச மாட்டார். மகள் கலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முப்பது வருஷமாக ஊர் உலகத்துக் கல்யாணத்துக்கெல்லாம் புடவை நெய்து கொடுத்த மனுஷன், முதல் தடவையாகத் தன் வீட்டுக்கென்று ஒன்று நெய்திருந்தார். அரக்குச் சிவப்பு, பச்சை பார்டர். நாலு மாதம் சம்சாரத்துக்குக்கூடக் காட்டாமல் நெய்தது. நெய்து முடித்து ஒரு வருஷமாக பீரோவில் வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் பூச்சி அரிக்காமல் இருக்க கை நிறையப் பாச்சை உருண்டையை அள்ளிப் போட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் கலா தும்முகிறாள், தும்முகிறாள், அப்படித் தும்முகிறாள். பட்டு வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது.

பைண்டர் துணிக்கு வைத்தியம் பார்த்ததே கிடையாது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழுமலை, "உன்ன விட்டா யாருணா கீறாங்க?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அது போதும் அவருக்கு. பெரிய சேலை; சின்னப் பெட்டிகளில் மடித்தால் சரிகை உடையும். என் புத்தகத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அதே பொது வார்டில், அதே கரியோடு, புடவையை வைத்து மூடியிருக்கிறார்.

ஒவ்வொரு நோயாளி போனதும் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, கரியை மாற்றி, கடைசியில் அக்கா தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பது வழக்கம். கழுவாத பெட்டி அவருக்கு எப்படித் தெரியும்? அவரைப் பொறுத்தவரை உலகமே கழுவித் துடைத்த பெட்டிதான்.

புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தேன். பெட்டியைத் திறந்தேன். ஒரு எட்டு பின்னால் போனேன்.

"இன்னா சார், பாச்ச உருண்ட போச்சா?"

"போச்சுண்ணே" என்றேன். பொய் இல்லை. பாச்சை உருண்டை இருந்த இடம் தெரியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மூலையில் இருந்த என் புத்தகத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு நாளில் முகூர்த்தம். மணமேடையில் கருவாட்டு வாசனையோடு ஒரு பெண். ஆரணி அதை மறக்க நூறு வருஷம் ஆகும். குழம்பு என்னுடையது என்பதால் பாதிப் பழி எனக்கும்தான்.

வியாழக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, புடவையைத் துணியில் சுற்றி, மேலே இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, களம்பூர் பஸ்ஸில் ஏறினோம். எங்களைச் சுற்றி நாலு சீட்டு காலியாகவே வந்தது. சாந்திக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள். வீட்டு வாசலில் நாங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளேயிருந்து அக்கா குரல்:

"யாரு, இவரா? வரும்போது இன்னாத்துக்கு கருவாட்ட வாங்கிகினு வர்றீங்க? பச்ச ஒடம்புக்காரி கீற வீடு. அங்கியே நில்லுங்க!"

அதுவல்லவா மூக்கு! நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். புடவையை மூன்று இடத்தில் மோந்து பார்த்தார். புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"பயப்படாதீங்க, போயிடும். தண்ணி காட்டாதீங்க, செண்டு கிண்டு அடிச்சிடாதீங்க. விடியக்காலம் நம்ம தெருவுல பாவு நீட்டுவாங்க இல்ல, அந்த மாதிரி முழு நீளத்துக்கும் பிரிச்சிக் கட்டுங்க. வெயில் ஏறதுக்குள்ள எட்த்துடணும். பகல்ல ஒரு புது ட்ரம்முல, புதுக் கரி, புது சோடா. சேல மேல படக் கூடாது. ரெண்டு காலைல சரியாயிடும். ஆனா ஒண்ணு."

"இன்னா?"

"போச்சா இல்லியான்னு உங்களுக்குத் தெரியாது. இந்த சாருக்கும் பஸ்ல வந்ததுல மூக்கு பழகிப்போயிருக்கும். தெருவுல கீறவங்களக் கூப்ட்டு மோந்து பாக்கச் சொல்லுங்க. பத்து மூக்கு இல்லன்னு சொன்னாதான் இல்ல."

பைண்டர் முகம் செத்துப்போனது. "எல்லார் எதிர்லயுமா? இவனுக்கு இன்னா ஆச்சின்னு கேப்பாங்களேடி!"

"கேட்டா சொல்லுங்க."

"சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போறாங்க. உங்க பேரு பெருசா, அந்தப் பொண்ணு கண்ணாலம் பெருசா?"

ஆரணிக்குத் திரும்பி வந்ததும் பைண்டரே நடந்து சேவூருக்குப் போய், காலையில் தெருவுக்கு வரும்படி ஏழுமலையிடம் சொல்லிவிட்டு வந்தார். என்ன விஷயம் என்று சொல்லத் தைரியம் வரவில்லையாம்.

எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றப்போகும் நீளவாட்டு நூலை, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கம்புகளில் கட்டி இழுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று சிக்கெடுப்பார்கள். வெயில் ஏறினால் பட்டு விறைத்துக்கொள்ளும். அதனால் ஆறு மணிக்கே தெருவே அங்கே இருக்கும். வெள்ளிக்கிழமை பாவு நீட்டும் முறை வந்தவர்கள் தங்கள் பாவைச் சுருட்டி வைத்துவிட்டு இடம் கொடுத்தார்கள். அரக்குச் சிவப்புப் புடவை தெரு நடுவே விரிந்து நின்றது. கூடவே அதன் வாசனையும்.

ஏழுமலை வந்தார். புடவையைப் பார்த்தார். கிட்டே போனார். நின்றார்.

பைண்டர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். "ஏழுமல, தப்பு என்னுதுதான். எனக்கு மூக்கு போயி நாலு வருசமாச்சி. இத்தினி நாளும் ஊர ஏமாத்திகினு இருந்தேன். கழுவாத பொட்டியில உன் பொண்ணு சேலைய வெச்சிட்டேன். எல்லாரும் ஒருவாட்டி மோந்து பாத்து சொல்லணும். என்னால முடியாது."

எனக்குத் தரையைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. ஏழுமலைதான் முதலில் பேசினார்.

"அது தெரியுமேணா."

"இன்னாது?"

"உனுக்கு மூக்கு இல்லன்றது. அக்கா மழ வருதுன்னா ஈரம், பால்காரன்னா கிருஷ்ணாயிலு. தெருவுல கீற வாண்டுங்களுக்கே தெரியும்."

"உனுக்கு எப்டிடா..."

எதிர்வீட்டு மல்லிகாம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ரெண்டு மாசம் முன்ன சாந்தி வளகாப்புக்கு அக்கா களம்பூரு போச்சே, அப்ப உன் கட பரண்ல பெருச்சாளி செத்துப்போச்சி. மூணு நாளு. தெருவே மூக்க பொத்திகினு போவுது, நீ பாட்டுக்கு அதுங் கீழ குந்தினு பாட்டு பாடிகினு தெச்சிகினு கீற. நீ டீ குடிக்கப் போனப்ப எங்கூட்டுக்காரர்தான் ஏறி எட்த்துப் போட்டாரு."

அந்த மூன்று நாளும் நான் ஊரில் இல்லை. அம்மாவைப் பார்க்கத் திருச்சி போயிருந்தேன். ஆக, ரகசியம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று தெரியாமல் ஆரணியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ரகசியத்துக்குச் சொந்தக்காரரும், அதைக் காப்பாற்றிய நானும்.

"தெரிஞ்சே எதுக்குடா சேலைய எங்கிட்ட குட்த்த?" பைண்டர் கிட்டத்தட்ட அழுதார்.

"அக்கா உள்ள குந்தினு தெச்சிகினு கீதுன்னு நெனச்சேன்" என்றார் ஏழுமலை. "ஊருக்குப் போனது எனக்குத் தெரியாது."

"அப்ப யாரும் ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

"சொல்லி?" என்றார் மல்லிகாம்மா. "நீ மனசு ஒடஞ்சி குந்திக்குவ. எங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

அப்புறம் நடந்ததுதான் கூத்து. தெருவே வரிசையாக நின்று புடவையை மோந்து பார்த்தது. நெத்திலி என்றார் ஒருவர். வாளை என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, நேரில் பார்த்த சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். நெத்திலி என்று ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை காலை மறுபடியும் கட்டினோம். மறுபடியும் வரிசை. ஒன்பது பேர் இல்லை என்றார்கள். பத்தாவது ஆள், பார்டர் பக்கம் லேசாக என்றார். அவருக்குச் சளி என்று தள்ளுபடி செய்தார்கள். கடைசியில் கலா வந்தாள். எதற்கும் தும்முகிற பெண். புடவையில் முகத்தை அப்படியே புதைத்தாள்.

"இன்னாம்மா வருது?" என்றார் பைண்டர்.

"ஒண்ணும் வரல பெரிப்பா. பட்டு வாசனதான் வருது."

பைண்டர் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கு அது வழுக்கவில்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் கல்யாணத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பந்தியில் அவர் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை வாங்கியதும், "ஏலக்கா தூக்கலா கீதுணா" என்று சொன்னார், கேட்காமலே. அன்றைக்குத் தொடங்கியது அந்த வழக்கம். அதற்கப்புறம் கடை வழியாகப் போகிற யாரும் சும்மா போனதில்லை. "மல்லிகாம்மா வீட்ல சாம்பார் தாளிக்கறாங்கணா." "களம்பூர் லாரி போவுது, தவுட்டு வாசன." "பள்ளிக்கூடத்துக்குப் புதுசா சுண்ணாம்பு அடிக்கறாங்கணா." போகிற போக்கில் ஒரு வாசனையை உள்ளே எட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் ஊசியை நிறுத்திக் கேட்டுக்கொள்வார். மூன்று மாதம் கழித்து வந்த அக்கா, தனக்கு இனி வேலையே இல்லையா என்று பொய்க்கோபம் கொண்டார்.

மற்றவர்கள் சொன்னால் அவருக்குப் போதும். நான் சொன்னால் மட்டும் விட மாட்டார். படித்தவன் என்று ஓர் எண்ணம். "சாம்பார் வாசன செரி, எப்டிப்பட்ட சாம்பார் சார்? இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து சொல்லுங்க" என்பார். சரியான வார்த்தைக்காகப் படியில் நின்று முழிப்பேன்; ஒன்றைச் சொல்வேன்; அவர் உதட்டைப் பிதுக்குவார்; வேறு சொல்வேன். என்றைக்காவது ஒருநாள் அவர் முகம் மலர்ந்து, "ஆங், இப்ப வர்து சார்!" என்பார்.

ஏழு வருஷம் அப்படிச் சொன்னேன். எனக்கு எழுத வந்தது அங்கேதான். இன்றைக்கும் ஒரு வரி எழுதினால், அவருக்கு வருமா என்றுதான் பார்க்கிறேன்.